மட்டக்களப்பில் ஒரு திரைப்பட விழா: வளர்ந்து வரும் இலங்கை இயக்குநர்களுக்காக நடத்துவது எப்படி?

மட்டக்களப்பில் ஒரு தம்பி குறும்படம் எடுத்தால் அது எங்கே போகிறது? யூடியூபில் போடுவான். கூட்டாளிமார் பார்த்துவிட்டு ‘சூப்பர் மச்சான்’ என்று எழுதுவார்கள், அதோடு சரி. அதே மாதம் அம்பாறை நகரத்தில் ஒரு சிங்களப் பிள்ளையும், சாய்ந்தமருதில் ஒரு தங்கச்சியும், ஹற்றனில் ஒரு பொடியனும் படம் எடுத்து முடித்திருப்பார்கள். நான்கு பேரும் ஒரே நாட்டில் இருக்கிறார்கள், ஒருவர் படத்தை ஒருவர் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் 2015இல் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியபோது, கொழும்புக்கு வெளியேயும் இது முடியும் என்று எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்திலும் ஊருக்கு ஒன்றாக இப்படி விழாக்கள் நிலைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

சின்னத் திரையிடல்கள் பலவற்றில் கதிரை அடுக்கியதிலிருந்து மல்டிமீடியா (புரொஜெக்டர்) பிடித்தது வரை நின்று கற்றுக்கொண்டவை இவை. முதல் முறை நடத்துபவர்களுக்கு இரண்டு நாள், 15 முதல் 20 குறும்படம் போதும். ஆறு மாதத்துக்கு முன் வேலையைத் தொடங்குங்கள்.

யாருக்காக என்பதை ஒரு வசனத்தில் எழுதுங்கள்

‘இலங்கையில் வாழும், மூன்று படத்துக்கு மேல் எடுக்காத இயக்குநர்களின் 30 நிமிடத்துக்கு உட்பட்ட படங்கள்.’ இப்படி ஒரு வசனம். இதை முதலில் எழுதாவிட்டால் பிறகு ஒவ்வொரு முடிவிலும் சண்டை வரும். பெயர் பெற்ற இயக்குநர் ஒருவர் தன் படத்தைத் தர விரும்புவார், அனுசரணையாளர் தன் மருமகனின் விளம்பரப் படத்தைப் போடச் சொல்வார். வசனம் கையில் இருந்தால் மரியாதையாக மறுக்கலாம். வயதுக் கட்டுப்பாடு வைக்க வேண்டாம் என்பேன். பிள்ளைகள் பெரியவர்களான பிறகு 45 வயதில் முதல் படம் எடுக்கிற அக்காவும் வளர்ந்து வரும் இயக்குநர்தான்.

திகதி

எங்கள் ஊரில் இது பெரிய விசயம். கார்த்திகை தொடக்கம் தை வரை மாரி. வெள்ளம் வந்தால் வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையிலிருந்து ஒருவரும் வர முடியாது. வைகாசியில் ஊருக்கு ஊர் கண்ணகி அம்மன் சடங்கு, அதே காலத்தில் வெசாக். ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கத்துத் திருவிழா. ரமழான் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும், அதனால் நாட்காட்டியைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஈஸ்டர் குண்டுகள் வெடித்த ஏப்ரல் 21, சுனாமி வந்த டிசம்பர் 26 இரண்டும் இந்த மண்ணில் அழுகிற நாட்கள். அவற்றின் அருகில் விழா என்ற பேச்சே வேண்டாம்.

இவ்வளவையும் கழித்துப் பார்த்தால் செப்டெம்பர் நடுப்பகுதி எனக்குப் பிடித்த காலம். சனி, ஞாயிறு வைத்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையோடு மோதாது. ஞாயிறு காலையில் தேவாலயம் முடிந்து சனம் வர நேரம் விட்டு, முதல் காட்சியை 10.30க்குத் தொடங்குங்கள். க.பொ.த. பரீட்சைத் திகதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதையும் ஒரு தடவை பாருங்கள்.

ஆட்களும் காசும்

எட்டுப் பேர் இருந்தால் நடத்தலாம். படங்களுக்குப் பொறுப்பான ஒருவர், கருவிகளுக்கு ஒருவர், சப்டைட்டிலுக்கு இருவர், காசுக்கு ஒருவர், விருந்தினர்களுக்கு ஒருவர், வாசலில் இருவர். காசுக்குப் பொறுப்பானவர் கணக்கெழுதத் தெரிந்தவராகவும் ‘இல்லை’ என்று சொல்லத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

காசை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. திரை, ஒலி, சப்டைட்டில் மூன்றும் முதலில். அடுத்தது இயக்குநர்களின் பயணமும் தங்குமிடமும் சாப்பாடும். பனர், கேடயம், பொன்னாடை எல்லாம் மிச்சக் காசில். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. மேடை பூவாலே மினுங்கும், படமோ சுவரில் மங்கலாக ஓடும். கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ரயிலில் வந்த பிள்ளை, தன் படத்தின் இருட்டுக் காட்சிகள் சாம்பல் நிறமாகத் தெரிவதைப் பார்த்துத் தலைகுனிந்து இருந்ததை நான் பக்கத்துக் கதிரையிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு இந்த வரிசையை நான் மாற்றவில்லை.

பணமாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேட்டால் எங்கள் ஊரில் இலகுவாகக் கிடைக்கும். ஒருவர் இரண்டு அறை தருவார், ஒருவர் மதியச் சாப்பாட்டைப் பொறுப்பெடுப்பார், ஒருவர் நோட்டீஸ் அடித்துத் தருவார். பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரை முதல் மாதமே போய்ச் சந்தியுங்கள். மண்டபம், கடிதங்கள், பிற திணைக்களங்களின் தொடர்பு என்று பல கதவுகள் அவர் வழியாகத் திறக்கும். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. தொண்டர்களையும் நல்ல பார்வையாளர்களையும் அங்கே தேடுங்கள்.

படங்களைக் கேட்டு வாங்குவது

அறிவித்தலைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே நாளில் வெளியிடுங்கள். சிங்கள அறிவித்தல் இரண்டு கிழமை பிந்தி வந்தால் ‘இது எங்களுக்கானதல்ல’ என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். விழாக்களுக்குப் படம் அனுப்புவதற்கான பில்ம்பிரீவே போன்ற இணையத் தளத்தில் பதிந்தால் ஒழுங்காக இருக்கும். ஆனால் வாகரையிலும் பொத்துவிலிலும் இருக்கிற பிள்ளைக்கு ஒரு கூகுள் படிவம்தான் பழக்கமானது. இரண்டையும் வையுங்கள், கட்டணம் வாங்காதீர்கள்.

பார்த்துத் தெரிவு செய்வதற்கு லிங்க் போதும். தெரிவான பிறகு, முழு அளவுக் கோப்பை 1920க்கு 1080 அளவில், இரண்டு சானல் ஸ்டீரியோ ஒலியோடு கேளுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக வரும் பிரதியை எடுக்கவே கூடாது, அது படத்தை நசுக்கிவிடும். ஆறு சானல் கொண்ட 5.1 ஒலியில் வரும் பிரதியிலும் கவனம் தேவை. அதில் உரையாடல் பெரும்பாலும் நடுச் சானலில் இருக்கும். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் உள்ள மண்டபத்தில் சரியாகக் கலக்காமல் போட்டால் இசை மட்டும் கேட்கும், பேச்சுக் காணாமல் போய்விடும்.

படிவத்தில் இரண்டு உறுதிமொழிகள் வேண்டும். ஒன்று, படத்தைத் திரையிட உங்களுக்கு எழுத்தில் அனுமதி. மற்றது, படத்தில் உள்ள இசை அவர்களுடையது அல்லது அனுமதி பெற்றது. இந்தியச் சினிமாப் பாட்டை எடுத்துப் பின்னணியில் போடும் பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் நிறைய. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது என்பதை அன்பாக விளக்குங்கள். இசையை மாற்ற ஒரு மாதம் கொடுத்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள், அப்போது படமும் நன்றாகிவிடும்.

அப்புறம் ஒரு முக்கியமான ஆலோசனை. பெரிய விழாக்கள் சில, இணையத்தில் ஏற்கெனவே வெளியான படத்தை ஏற்பதில்லை. ‘அவசரப்பட்டு யூடியூபில் போடாதே தம்பி, ஒரு வருசம் பொறு’ என்று அறிவித்தலிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

தெரிவு

மூன்று பேர் அல்லது ஐந்து பேர். அவர்களில் பெண்கள் இருக்க வேண்டும், தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் இருக்க வேண்டும், ஒருவராவது படத்தொகுப்போ ஒளிப்பதிவோ தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் கடைசிவரை பார்க்க வேண்டும். புள்ளி போட்டுக் கூட்டுவதை நான் விரும்புவதில்லை, எல்லோருக்கும் கொஞ்சம் பிடித்த படம் மேலே வந்துவிடும். ஒருவருக்கு மிகவும் பிடித்து மற்றவர்களைக் குழப்புகிற படத்தில்தான் புதிதாக ஏதாவது இருக்கும். எனவே உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தெரிவாகாதவர்களுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: எது நன்றாக இருந்தது, எது கைகூடவில்லை.

அனுமதிகள்

பொதுமக்களுக்குக் காட்டும் படங்களுக்குத் தணிக்கைச் சபையின் அனுமதி வேண்டும். 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் வேர் கொண்ட நடைமுறை இது. படங்களைக் கொழும்புக்கு அனுப்பிப் பதில் வர நாள் எடுக்கும் என்பதால் விழாவுக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே தெரிவை முடித்துவிட வேண்டும். 1971ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்கும் ஒரு கடிதம் எழுதி விழாவை அறியக் கொடுப்பது நல்லது.

டிக்கட் விற்றால் கேளிக்கை வரி உண்டு. டிக்கட் புத்தகங்களை மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கொடுத்துச் சீல் வைத்து வாங்க வேண்டும். முதல் ஆண்டில் அனுமதி இலவசம் என்றே வையுங்கள். வெளியரங்கு என்றால் ஒலிபெருக்கி அனுமதியைப் பொலிஸில் எடுங்கள், இரவு 10 மணிக்கு முன் முடியுங்கள்.

சப்டைட்டில்: விழாவின் உயிர்

மொழி விளங்காத பார்வையாளர் பத்து நிமிடத்தில் போனைக் கையில் எடுத்துவிடுவார். தமிழ்ப் படத்துக்குச் சிங்கள உபதலைப்பு, சிங்களப் படத்துக்குத் தமிழ் உபதலைப்பு என்பதுதான் என் விதி. ஆங்கிலம் வேண்டுமானால் மூன்றாவதாக வரட்டும். ஆங்கிலம் மட்டும் போட்டு ‘எல்லோருக்கும் விளங்கும்’ என்று எண்ணுவது மண்டபத்தில் பாதிப் பேரை வெளியே நிறுத்துவதுபோல.

மொழிபெயர்ப்பவர் அந்தப் பேச்சு வழக்கைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் படம் ஒன்றில் கிழவி வாசலில் நின்று, ‘மறுகா வாறன் மனே’ என்று சொல்லிவிட்டுப் போவாள். ‘பிறகு வருகிறேன்’ என்பதுதான் பொருள், விடைபெறும்போது வழக்கமாகச் சொல்வது. வெளியூர் மொழிபெயர்ப்பாளர் அதை ‘மறுபடியும் வருகிறேன்’ என்று விளங்கிச் சிங்களத்தில் எழுதிவிட்டார். போகிறவள் திரும்பி வரமாட்டாள் என்பது கதை, சிங்களத்திலோ திரும்பி வருவதாக வாக்குக் கொடுப்பதுபோல ஆகிவிட்டது. அந்த ஒரு சொல்லில் கதையே சாய்ந்துவிட்டது. இயக்குநரை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை முழுதாகப் பார்த்தால் இப்படிப்பட்ட பிழைகள் அகப்படும்.

நீளத்தைக் கவனியுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 35 எழுத்துக்குள் நிற்கட்டும். எந்த வரியும் ஒரு விநாடிக்குக் குறையாமலும் ஏழு விநாடிக்கு மேற்படாமலும் இருந்தால் கண் களைக்காது. பேசுவதை எல்லாம் எழுத வேண்டியதில்லை, சுருக்குங்கள்.

இனி எழுத்துரு. எங்கள் நாட்டில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று தெரியும், ஆனால் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். அந்தக் கோப்பைப் படத்தோடு ஓட்டினால் திரையில் விளங்காத எழுத்துக் குப்பை வரும். முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றி, யூ.டி.எப். 8 என்று சேமியுங்கள். அப்படிச் செய்தும் சில மென்பொருள்களில் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் நிற்கும். சிங்கள எழுத்துக்கும் இதே நோய் வரும். அதனால் தனிக் கோப்பை நம்பாமல், சப்டைட்டிலைப் படத்தோடேயே பதித்து ஒரு புதுப் பிரதி எடுத்துவிடுங்கள். எந்தக் கணினியில் போட்டாலும் அப்படியே வரும்.

மண்டபம், திரை, ஒலி

மண்டபத்தைப் பகல் 2 மணிக்குப் போய்ப் பாருங்கள். மாலையில் எல்லா மண்டபமும் இருட்டாகத்தான் இருக்கும். ஜன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துவாரங்கள் வழியாக வரும் வெயில்தான் பகல் காட்சியைக் கெடுக்கிறது. கறுப்புத் துணியும் ஏணியும் கொண்டுபோய், ஒரு ஆளை உள்ளே நிறுத்தி, ‘இன்னும் வெளிச்சம் வருது’ என்று சொல்லச் சொல்லி அடையுங்கள்.

மல்டிமீடியாவின் ஒளிப் பலத்தை லூமன் என்ற அலகில் அளப்பார்கள், அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. திரையின் அகலத்தையும் உயரத்தையும் அடியில் பெருக்கி, வரும் தொகையை 16ஆல் பெருக்குங்கள். 12 அடி அகலம், 6¾ அடி உயரம் என்றால் 81 சதுர அடி, 16ஆல் பெருக்க ஏறக்குறைய 1300 லூமன். நல்ல இருட்டில் திரையரங்கு வெளிச்சம் கிடைக்க அவ்வளவு ஒளி திரையில் விழ வேண்டும். வாடகைக்கு வருபவற்றின் விளக்கு பழசாகியிருக்கும், மண்டபமும் முழு இருட்டாகாது. ஆகவே மூன்று மடங்கு, அதாவது 4000 லூமன் கேட்டு வாங்குங்கள். வகுப்பறையில் பாவிக்கிற சின்னக் கருவி போதாது.

எங்கள் மண்டபங்களில் தரை சமதரை. திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து ஐந்தடிக்கு மேலே இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும். மேடை மூன்றடி என்றால் அதற்கு மேலும் இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். அப்புறம் நீங்களே கடைசி வரிசையில் போய் இருந்து, முன்னால் உயரமான ஒருவரை இருத்தி, எழுத்துத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஒலிக்காரருக்குத் திருமண வீட்டுப் பழக்கம் இருக்கும். நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்து பேஸைக் கூட்டுவார். படத்துக்கு அது ஆகாது. திரையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று, காது உயரத்துக்குச் சற்று மேலே, பேஸ் குறைவாக. சீமெந்துச் சுவர் எதிரொலித்தால் பின்சுவரில் தடித்த துணி தொங்கவிடுங்கள். சனம் நிறைந்தால் எதிரொலி இன்னும் குறையும்.

கரண்ட் போகும் என்றே எண்ணி நடவுங்கள். ஜெனரேற்றர் வேண்டும், அதோடு மல்டிமீடியாவுக்கும் மடிக்கணினிக்கும் ஒரு யூ.பி.எஸ். விளக்கு வைத்த மல்டிமீடியா சூட்டோடு திடீரென நின்றால் விசிறி ஓடிக் குளிர வழியில்லாமல் விளக்குப் பழுதாகலாம்.

கல்லடிக் கடற்கரையில் ஒரு இரவு வெளியரங்கில் காட்டினால் அழகுதான். ஆனால் கச்சான் காற்று வீசுகிற நாளில் திரை பாய்மரமாகிவிடும். அடியில் மண்மூட்டை, நாலு பக்கமும் கயிறு கட்டாமல் ஏற்றாதீர்கள். படத்தை ஏழு மணிக்கு முன் தொடங்க வேண்டாம், வானம் கறுக்க வேண்டும்.

அடுக்குப் பார்த்தல்

எங்கள் கூத்தில் அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்த்தல் என்று ஒரு ஒத்திகை உண்டு. விழாவுக்கும் அதே சொல்லைத்தான் நாங்கள் பாவிக்கிறோம். விழாவுக்கு முந்தின நாள் மாலை எல்லாப் படத்தையும், ஒவ்வொன்றிலும் தொடக்கம் ஒரு நிமிடம், நடுவில் ஒரு நிமிடம், கடைசி ஒரு நிமிடம் அந்த மண்டபத்திலேயே ஓட்டிப் பாருங்கள். ஒலி ஒரு படத்தில் கூடியும் ஒன்றில் குறைந்தும் இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் மிக்சரில் எந்த அளவு என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். கோப்புகளைப் பென் டிரைவிலிருந்து ஓட்டாமல் கணினிக்குள் ஏற்றுங்கள், இரண்டாவது கணினியிலும் அதே வரிசையில் ஏற்றி வையுங்கள். இணையத்தையும் அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். படத்தின் நடுவில் யாரோ அனுப்பிய செய்தி திரையில் வந்து நின்றால் அந்தக் காட்சி போய்விட்டது.

விழா நாள்

ஒரு காட்சிக்கு 80 நிமிடப் படம், பிறகு 30 நிமிடப் பேச்சு. கனமான படத்தை முதலில் போடாதீர்கள், இரண்டாவதாகவோ கடைசிக்கு முந்தியதாகவோ வையுங்கள். விளக்கேற்றலும் வரவேற்பும் 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று அதிதிகளுக்கு முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். படுவான்கரைக்கும் வாகரைக்கும் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் நேரத்தை விசாரித்து, மாலைக் காட்சியை அதற்கு முன் முடியுங்கள். பெண் பிள்ளைகள் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது.

இனி அந்த 30 நிமிடம். விடிய விடியக் களரியைச் சுற்றியிருந்து கூத்துப் பார்த்து, மறுநாள் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரிடம் தாளம் பிசகிய இடத்தைச் சொல்கிற சனம் எங்கள் சனம். அவர்களுக்குப் பேசத் தெரியும், மைக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு தொண்டர்கள் மைக்கோடு வரிசைக்குள் போகட்டும், முதல் கேள்வியைப் பின்வரிசைப் பெண்களிடம் கேட்கட்டும். நடத்துபவர் தன் கருத்தைச் சொல்லி நேரத்தை எடுக்கக் கூடாது. சிங்கள இயக்குநருக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பவர் ஒருவர் இருந்து, ஒவ்வொரு கேள்வியையும் உடனே சொல்ல வேண்டும்.

ஒரு திரையிடலில், கரையோரத்தைப் பற்றிய சிங்களப் படம் முடிந்ததும் கல்லடிப் பக்கத்து மீன்பிடிகாரப் பெரியவர் ஒருவர் எழும்பினார். ‘மகள், படம் நல்லம். ஆனா அந்தப் பொடியன் வலையை ஏன் அந்தப் பக்கத்தால இழுக்கிறான்? காத்து மற்றப் பக்கமெல்லோ’ என்றார். மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. கொப்பியை எடுத்து எழுதினாள். காட்சி முடிந்து வெளியே வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி அவரோடு அரைமணி நேரம் நின்று, வலை இழுக்கிற விதத்தைக் கையால் செய்து காட்டச் சொல்லிக் கேட்டாள். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை, நடுவில் ஒரு பல்கலைக்கழக மாணவன் நின்று மொழிபெயர்த்தான். இதற்காகத்தான் பேச்சு நேரத்தை ஒருபோதும் வெட்ட வேண்டாம் என்கிறேன். நேரம் போதாவிட்டால் ஒரு படத்தைக் குறையுங்கள்.

இரண்டாம் நாளை வேறு ஊருக்குக் கொண்டு போகலாம். கல்முனை 40 கிலோமீற்றர்தான். சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு அதற்குப் பக்கத்திலேயே. அம்பாறை நகரத்தில் தமிழ்ப் படங்களைச் சிங்கள உபதலைப்போடு ஒரு மாலை காட்டுவதும் செய்ய வேண்டிய வேலை.

பரிசு

கேடயம் அலுமாரிக்குள் போய்விடும். அடுத்த படத்துக்கு உதவுவதைக் கொடுங்கள். ஒரு கிழமைக்குக் கமரா வாடகை, அனுபவமுள்ள படத்தொகுப்பாளரோடு மூன்று நாள், ஆங்கில உபதலைப்பு செய்து கொடுத்தல், வேறு விழா ஒன்றுக்கு அனுப்பும் கட்டணம், திரையரங்கில் போடக்கூடிய டி.சி.பி. பிரதி. இவற்றில் இரண்டு மூன்று போதும். நடுவர்கள் தங்கள் காரணத்தை மேடையில் நாலு வசனத்தில் சொல்ல வேண்டும். பார்வையாளர் தெரிவுக்கும் ஒரு பரிசு வையுங்கள், சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும்.

முடிந்த பிறகு

அடுத்த நாளே படக் கோப்புகளை இரண்டு கணினியிலிருந்தும் அழித்து, அழித்துவிட்டோம் என்று இயக்குநர்களுக்கு எழுதுங்கள். தங்கள் படம் எங்கேயாவது கசியும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. ஒரு கிழமைக்குள் பங்கேற்புக் கடிதம், காட்சிக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கை, கேள்விகளில் முக்கியமான சில, இரண்டு நல்ல புகைப்படம், இவற்றை ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு இவை அவர்களுக்குப் பயன்படும். வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி உதவியவர்கள் எல்லோருக்கும் கொடுங்கள், தேத்தண்ணிச் செலவு உட்பட. ஒலி அளவு எழுதி ஒட்டிய தாள், கறுப்புத் துணி, திரைக் கயிறு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்பதை எட்டுப் பேருக்கும் சொல்லி வையுங்கள்.